நாடுகாண் காதையும் காவிரிக் கரையும்

காவிரியைப் புகழ்ந்து பாடிய தமிழ்ப் புலவர் பலர். ஆயினும் அவ்வாற்றின் கரையோடு கதைமாந்தரை நடக்கவிட்டு, ஒரு காதை முழுவதையும் அந்நடைக்கே ஒதுக்கியவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்தின் இறுதியில் நிற்கும் நாடுகாண் காதையே அது.

நம் விழா மேடைகளில் இக்காதைக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. கானல்வரியை இசையோடு பாடுவர். வழக்குரை காதையை நாடகமாக நடிப்பர். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கணவனும் மனைவியும் ஒரு துறவியும் நாள்தோறும் சிறுகச் சிறுக நடந்து கடந்த நெடுந்தொலைவை 'இயற்கை வருணனை' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டு மதுரைக்கு விரைந்துவிடுவர். கதையின் ஓட்டத்தைத் தடுக்கும் அலங்காரப் பகுதி இது என்பது பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தவர்கள் சிலப்பதிகாரத்தில் முதலில் படிக்கவேண்டிய பகுதி இதுவே என்பதும் நம் கருத்து.

வழி

முதலில் நிலத்தைத் தெளிவாக மனத்தில் கொள்ளுதல் வேண்டும். காவிரி குடகுநாட்டுப் பிரமகிரி மலையில் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலைச் சேர்கிறது. ஏமாவதியும் கபினியும் மேலே வந்து கலக்க, பவானியும் நொய்யலும் அமராவதியும் தமிழகத்தில் கலக்கின்றன. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. பிரிந்த இரு கிளைகளுக்கு நடுவே திருவரங்கம் தீவாய் நிற்கிறது. கரிகாலன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கல்லணைக்குக் கீழே ஆறு பல கிளைகளாய் விரிந்து வயல்களுக்குள் புகுந்துவிடுகிறது. மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்கப் பெருகும். காவிரியோ நெருங்க நெருங்கச் சிறுக்கும். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள பூம்புகாரில் அது கடலைச் சேரும் இடத்தைக் காண்பவர், அகண்ட காவிரி என்று பெயர் பெற்ற ஆறு இதுதானா என்று ஐயுறுவர்.

பண்டு அந்த முகத்துவாரம் இவ்வாறு இருந்ததில்லை. பாய் இறக்காமலே பெருங்கலங்கள் ஆற்றுக்குள் புகுந்ததைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று குறிக்கிறது. ஏற்றுமதியும் இறக்குமதியும் குவிந்து கிடந்த துறையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் நிகழ்த்திய அகழாய்வில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரமும் வெளிப்பட்டன. நகரை விட்டு நீங்கும் கோவலனும் கண்ணகியும் வழியில் புத்த விகாரங்களைக் கடந்து செல்வதாக அடிகள் பாடியிருப்பது ஈண்டு நினைக்கத் தக்கது.

அவ்விருவரும் வைகறை இருளில் புறப்பட்டு, நகர வாயிலைக் கடந்து, மேற்குத் திசை நோக்கிக் காவிரியின் வடகரைச் சோலைக்குள் நுழைகின்றனர். ஒரு காவதம் நடந்து கவுந்தியடிகளின் தவப்பள்ளியை அடைகின்றனர். அங்கிருந்து கவுந்தியும் உடன்வர, நாளொன்றுக்கு ஒரு காதத்திற்கு மேற்படாமல் நடந்து, இடையிடையே பல நாள் தங்கி, அரங்கத்தை அடைகின்றனர். அங்கே ஓடம் ஏறித் தென்கரை சேர்ந்து உறையூருக்குள் புகுகின்றனர். காண்டம் அத்துடன் முடிகிறது.

பெயர் இல்லாத ஊர்கள்

அலுவலகத்தில் பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்ப்பது நம் அன்றாடப் பணிகளுள் ஒன்று. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், இடையில் தங்கிய ஊர்கள், தொலைவு, நாள் ஆகிய அனைத்தும் நிரம்பியிருந்தால்தான் பட்டியல் செல்லும். அந்தப் பழக்கத்தோடு இக்காதையைப் படிக்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. கவுந்திப் பள்ளிக்கும் அரங்கத்திற்கும் இடையே, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அடிகள் ஓர் ஊரின் பெயரையேனும் சொல்லவில்லை. அந்தணர் வாழும் இருக்கைகள் உண்டு. உழவர் வாழும் ஊர்கள் உண்டு. ஆலைப் புகையும் நெற்போரும் உண்டு. ஆனால் பெயர் மட்டும் இல்லை. நாட்டைக் காணும் காதை என்று தலைப்பிட்டுவிட்டு நாட்டில் உள்ள ஊர்களைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் என்ன?

அடிகளுக்கு வழி தெரியாது என்று கொள்வதற்கில்லை. உறையூரைக் கடந்து ஆற்றை விட்டு விலகியதும், அடுத்த காதையிலேயே, மாங்காட்டு மறையோன் ஒருவன் வாயிலாக அவர் வழிகளைத் துல்லியமாக விரித்துரைக்கிறார். கொடும்பை நெடுங்குளத்தருகே வழி முத்தலைச் சூலம்போல மூன்றாகப் பிரிகிறது. வலப்புறம் சென்றால் சிறுமலை; இடப்புறம் சென்றால் திருமால்குன்றமும் அதன் பொய்கைகளும்; நடுவழியில் இன்ன இடையூறு உண்டு. இவ்வளவும் பெயரோடு சொல்லப்படுகின்றன. வறண்ட நிலத்தில் பெயர் சொல்லும் புலவர், வளநிலத்தில் பெயர் சொல்லாமல் செல்கிறார்.

இதற்கு விடை நம் மொழியிலேயே இருக்கிறது. ஆறு என்னும் சொல்லுக்கு நீரோடும் ஆறு என்றும், நடந்து செல்லும் வழி என்றும் இரு பொருள் உண்டு. காவிரிக் கரையில் நடப்பவனுக்கு ஆறே வழி. வழிகேட்க வேண்டியதில்லை, தவறிப்போவதற்கும் இடமில்லை. ஆற்றை விட்டு விலகிய பின்னரே வழிகாட்டியும் பெயர்களும் தேவைப்படுகின்றன. கரை உள்ளவரை கோவலன் எவரிடமும் வழி கேட்கவில்லை என்பதும் நோக்கத் தக்கது.

வளமே இடையூறாதல்

இனி, ஊர்ப்பெயருக்கு ஈடாக அடிகள் எதைக் காட்டுகிறார் என்று பார்ப்போம். மருதநில வளத்தை அவர் தம் கூற்றாக முதலில் சொல்லவில்லை. கவுந்தியடிகளின் எச்சரிக்கையாகச் சொல்லவைக்கிறார். இக்காதையின் உயிர்நிலை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

கண்ணகியின் மெல்லடி இவ்வழிக்கு ஆற்றாது என்று அஞ்சிய கவுந்தி, இரண்டு பாதைகளிலும் உள்ள இடர்களை எடுத்துரைக்கிறார். வெயிலுக்கு அஞ்சிச் சோலை வழியே சென்றால், வள்ளிக்கிழங்கு தோண்டிய குழிகளைச் செண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும், கால் அகப்பட்டுக்கொள்ளும். குழிக்கு அஞ்சிக் கீழே நோக்கி நடந்தால் தாழத் தொங்கும் பலாப்பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த பாத்திகளில் சிதறிய பலாக்கொட்டைகள் பருக்கைக் கற்களைப் போல உள்ளங்காலை உறுத்தும். வயல் வழியே சென்றால், நீர்நாய் வாளையைக் கவ்வ, விலாங்கு துள்ளிப் புரளக் கண்டு அவள் கலங்குவாள். கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து பொய்கை நீரில் தேன் கலந்திருக்கும். நீர்வேட்கையால் அவள் அறியாமல் அதனைக் குடித்துவிடக்கூடும். களை பறிப்போர் வரப்பில் எறிந்த குவளை மலரில் வண்டு கிடக்கும். வாய்க்கால் ஓரத்தில் நண்டும் நத்தையும் ஊரும். அவற்றை மிதித்துவிட நேரும்.

இவற்றைத் தனித்தனியே எடுத்து எண்ணினால் அனைத்தும் வளத்தின் அடையாளங்கள். கிழங்கு, செண்பகம், பலா, மஞ்சள், இஞ்சி, வாளை, கரும்பு, தேன், குவளை ஆகியவற்றுள் எது கெட்டது? வீட்டில் இருப்பவனுக்கு இவை உணவும் பூசனைப் பொருளும் ஆகும். வீட்டை விட்டு நீங்கியவளுக்கோ இவையே காலைத் தடுக்கும் கல்லும் குழியும் ஆகின்றன. நிலம் மாறவில்லை, அந்நிலத்தோடு அவளுக்கு இருந்த உறவுதான் மாறியிருக்கிறது. புகாரின் பெருவணிகன் மகள், தன் சொந்த நாட்டின் செல்வத்தை முதன்முறையாகக் காலால் உணர்கிறாள், அதுவும் அந்நாட்டை விட்டுப் போகும்போது.

இதனை வெறும் வருணனை என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்? பிற புலவர் நாட்டுவளத்தைக் காப்பியத்தின் வாயிலில் தோரணமாகக் கட்டுவர். அடிகள் அதனைக் கதைத்தலைவியின் உள்ளங்காலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பலாக்கொட்டையை நீக்கிவிட்டால் கண்ணகியின் துன்பத்திற்குத் தொடக்கம் இல்லாமல் போகும்.

இதற்கு முன்னரே அவள் ஒரு காவதம் நடந்து களைத்து, மதுரை எங்குள்ளது என்று கேட்கிறாள். முப்பது காதம் உள்ள தொலைவை, ஆறும் ஐந்தும் பெருக்கிப் பொருள் கொள்ளவேண்டிய சொல்லால் கோவலன் கூறி, அது அருகில்தான் என்று நகைக்கிறான். ஆறோ ஐந்தோ காதம் என்று அவள் எண்ணி ஆறுதல் கொள்ளும்படி அச்சொல் அமைந்திருக்கிறது. அவனுடைய நகையில் துயரம் கலந்திருப்பதை விளக்கத் தேவையில்லை. குடும்பத்தோடு தொலைதூரம் பெயர்ந்த எவரும் மனைவியிடமோ மக்களிடமோ தொலைவைக் குறைத்துச் சொல்லியிருப்பர்.

நீருக்கு எதிராக நடை

மற்றொன்றும் நோக்குதற்குரியது. இவர்கள் நடக்கும் திசை மேற்கு. நீர் ஓடும் திசை கிழக்கு. இவர்கள் விட்டுவந்த நகரை நோக்கியே காவிரி போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் இவர்களைக் கடந்து சென்ற நீர் புகாரைச் சேரும், இவர்களோ சேரமாட்டார்கள். அடிகள் இதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. திசையை மட்டும் குறித்துவிட்டு எஞ்சியதை நமக்கு விட்டுவிட்டார்.

இந்த ஆறு கதைக்குப் புதியதன்று. கானல்வரியில் கோவலனும் மாதவியும் பிரிந்தது இதே காவிரி கடலோடு கலக்கும் இடத்தில், காவிரியைப் பற்றிய பாடல்களால்தான். சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் காவிரி ஊடுவதில்லை, அது மாதரின் கற்பு என்று அவன் பாடினான். கணவன் செங்கோல் வளையாமல் இருப்பதனால்தான் காவிரி இவ்வாறு நடக்கிறாள் என்று அவள் மறுமொழி பாடினாள். பிரிவு நேர்ந்தது. அப்பாட்டு முகத்துவாரத்தில் பிறந்தது; அதன் விளைவைச் சுமந்துகொண்டு இருவர் அதே ஆற்றின் கரையில் எதிர்முகமாக நடக்கின்றனர். ஊடாத காவிரியைப் பாடியவன் அருகே, ஊடாத மனைவி காலில் கொப்புளத்தோடு நடந்து வருகிறாள். கானல்வரிக்கு உண்மையான உரை நாடுகாண் காதைதான்.

வயல்களின் ஒலியையும் இவ்விடத்தில் கேட்கவேண்டும். ஆம்பி, கிழார், ஏற்றம், பிழா ஆகிய நீர் இறைக்கும் கருவிகளின் ஒலி இந்நாட்டில் எழுவதில்லை என்கிறார் அடிகள். ஆற்றுநீர் மதகு வழியே தானாகப் பாயும்போது இறைக்க வேண்டிய தேவை இல்லை. அதற்கு ஈடாகக் களைபறிக்கும் பெண்களின் மழலைப் பாட்டும், ஏர்மங்கலமும், முகவைப் பாட்டும் கேட்கின்றன. இல்லாத ஒலியைச் சொல்லி இருக்கும் நீரை அளந்து காட்டியது நுண்ணிய புலமை. பாசனத்தைக் கண்ணால் கண்டறிந்தவருக்கே இது தோன்றும்.

உறையூர்ப் புறத்தே நிகழும் ஒரு நிகழ்ச்சி இந்நடையை நிறைவு செய்கிறது. வீண்பேச்சுப் பேசித் திரியும் இருவர் எதிரே வந்து, இவர்கள் யார் என்று கவுந்தியை வினவுகின்றனர். என் மக்கள் என்று அவர் விடையளிக்க, உடன்பிறந்தோர் கணவன் மனைவியாய் வாழ்வதுண்டோ என்று எள்ளி நகையாடுகின்றனர். கவுந்தியின் சாபத்தால் அவர்கள் நரியாகின்றனர். அந்நரிகளுக்காக இரங்கி விமோசனம் வேண்டுபவர் கோவலனும் கண்ணகியுமே. ஊரில் இருந்தவரை மாசாத்துவான் மகன் என்றும் மாநாய்கன் மகள் என்றும் எவரும் கேளாமலே அறிந்திருந்தனர். ஊரை விட்டபின் யார் என்ற கேள்வியும், கேட்டவரைப் பொறுத்துக்கொள்ளும் கட்டாயமும் வருகின்றன.

மாற்று நோக்குகள்

ஊர்ப்பெயர் சொல்வதும் ஓர் இலக்கிய நெறியே. அதனைத் தேவார ஆசிரியர்கள் செய்தனர். சோழநாட்டுப் பாடல்பெற்ற தலங்களைக் காவிரிக்கு வடகரையில் 63 என்றும் தென்கரையில் 127 என்றும் நம் முன்னோர் வகுத்து வைத்துள்ளனர். ஆற்றை அச்சாகக் கொண்டு ஊர்களைக் கரைவாரியாகப் பிரித்த இந்த வகுப்பு சிறந்த நிலநூல் அறிவு. அடிகள் பெயர் சொல்லாமல் கடந்த வெளியில் திருவெண்காடும் மயிலாடுதுறையும் குடந்தையும் திருவையாறும் இவ்வாறு இடம்பெற்றன. ஆனால் தேவாரத்தின் பயணி கோயிலை நாடிச் செல்பவர். அவருக்கு ஒவ்வோர் ஊரும் சேருமிடம். கண்ணகிக்கு எவ்வூரும் சேருமிடம் அன்று. அவளுக்கு ஊர்ப்பெயர் பயன்படாது.

நம் காலத்தில் சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து, சிலம்பின் கானல்வரித் தொடரையே தலைப்பாக்கி 1971இல் வெளியிட்ட பயணநூல் மூன்றாவது நெறிக்குச் சான்று. குடகு முதல் பூம்புகார் வரை காவிரியைத் தேடிச் சென்ற அந்நூலில் ஊரும் உண்டு, மனிதரும் உண்டு. இருவரும் அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர்கள். ஜானகிராமன் பணிநிமித்தம் தில்லியில் வாழ்ந்தவர். காவிரியின் மேற்பாதி கன்னட நாட்டில் இருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர்க்கு அன்போடு நினைவூட்டியது அந்நூலின் தனிச்சிறப்பு.

இவ்விடத்தில் அடிகளின் காதையில் உள்ள ஒரு குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். அவர் காட்டும் வளம் புகார்ப்புறம் முதல் அரங்கம் வரை ஒரே சீராக இருக்கிறது. கடலோர உவர் நிலத்திற்கும் உள்நாட்டு வண்டல் நிலத்திற்கும் உள்ள வேறுபாடு புலப்படவில்லை. மழை பொய்த்த ஆண்டும், நீர் வராத கடைமடையும் அவர் பார்வையில் இல்லை. மழை இன்றி நிலம் பாலையாகத் திரிவதை அடுத்த காதையில் அறிந்து பாடும் அவர், காவிரிக்கு மட்டும் அந்நிலை வராது என்று நம்பினார் போலும். அந்நம்பிக்கையை வரலாறு காக்கவில்லை.

நம் மக்களுக்கு

தலைநகரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளைக் கேட்டால், காவிரி என்பது செய்தியில் வரும் ஒரு வழக்கு என்பர். எத்தனை டி.எம்.சி. என்னும் எண்களைக் கூட அவர்கள் சொல்லக்கூடும். 1924 ஒப்பந்தம், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், அதன் 2007 இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஆகியவை யாவும் உழவர் வாழ்வோடு பிணைந்தவை, அறியத்தக்கவை. ஆயினும் அவ்வளவில் நின்றுவிட்டால் காவிரி ஒரு கணக்காக மட்டும் எஞ்சிவிடும்.

சென்னை அரசும் மைசூர் அரசும் காவிரி குறித்து முதல் ஒப்பந்தம் செய்துகொண்ட ஆண்டு 1892. அதே 1892இல்தான், காவிரிக்கரைக் குடந்தையில் கல்லூரி ஆசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையர், அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். இரண்டு ஆவணங்களும் ஒரே ஆற்றைப் பற்றியவை. முதலாவதை நாளிதழ் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவதை நினைவூட்டவேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே.

யமுனைக் கரையில் குடியேறி, கங்கைச் சமவெளியின் நீரைப் பருகி வாழும் நமக்குக் கோவலன் பாடிய பாட்டு ஆறுதலாகத் தோன்றலாம். கங்கையைச் சேர்ந்தாலும் காவிரி ஊடமாட்டாள் என்று நாமும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பிழை செய்தவன் தன் பிழைக்குத் தேடிய அமைதி என்பதை அடிகள் காட்டிவிட்டார். காவிரி ஊடவில்லை என்பதனாலேயே நம் கடன் தீர்ந்துவிடாது. மறவாமல் இருப்பது நம் பொறுப்பு. அதனை வாழ்த்துரைகளால் செய்ய முடியாது. பாட்டைச் சொல் சொல்லாகப் படித்துப் பொருளுணர்ந்தே செய்யமுடியும்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விடுப்புப் பயணச் சலுகையில் ஊருக்குச் செல்லும்போது, சென்னையிலிருந்து மெயின் லைன் வழியே போகும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். மயிலாடுதுறையிலிருந்து குடந்தை, தஞ்சை வழியாகத் திருச்சி வரை அந்த ரயிலும் மேற்கு நோக்கியே, நீருக்கு எதிராகவே செல்கிறது. ஒரு பிள்ளை நிலையப் பலகைகளை உரக்கப் படிக்கட்டும். மற்றொரு பிள்ளை நாடுகாண் காதையை எளிய உரையோடு மடியில் வைத்துக்கொள்ளட்டும். புலவர் சொல்லாத பெயர்களைச் சன்னல் வழியேயும், பெயர்ப்பலகை காட்டாத நிலத்தைப் பாட்டிலும் அவர்கள் காண்பார்கள். பலாக்கொட்டை காலில் குத்துமா என்று அவர்களில் ஒருவர் கேட்டால், இளங்கோவடிகள் அந்த வீட்டிற்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று கொள்ளலாம்.